எந்த ஊர், எந்தப் பசலி?

பிஎச்.டி.க்குப் பதிவு செய்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த நேரம். பழைய அடங்கல்களைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரிக் கடிதத்தோடு நாகர்கோவிலில் ஒரு பதிவறைக்குப் போனேன். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் பதிவேடுதான் அடங்கல். அங்கே இருந்தவர் கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு, "எந்த ஊரு, எந்தப் பசலி?" என்று கேட்டார். பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். நாஞ்சில் நாடு முழுக்க வேண்டும், கிடைக்கிற எல்லாப் பசலியும் வேண்டும் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "முடிவு பண்ணிட்டு வாங்க தம்பி, எடுத்துத் தாரேன்" என்று கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், என் ஆய்வில் இருந்த ஓட்டையை முதலில் பார்த்தவர் அவர்தான். என் தலைப்பு 'நாஞ்சில் நாட்டுக் குளங்களும் நெல் வேளாண்மையும் – ஓர் ஆய்வு'. தலைப்பு இருந்தது. அதற்குள் கேள்வி எதுவும் இல்லை.

தலைப்புக்கும் கேள்விக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் ஆய்வு மாணவர்களுக்கென்று பயிலரங்கு நடத்துகிறார்கள். புதிதாகப் பதிவு செய்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் "அங்க போனா என்ன செய்வாங்க? போகணுமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பயிலரங்கு என்ற பெயரில் நம் ஊரில் நடப்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, பிறகு ஒருவர் மேடையேறி ஆராய்ச்சி என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் ஸ்லைடு போடுவார், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. அது சொற்பொழிவு. கெட்டது என்று சொல்லமாட்டேன், சான்றிதழுக்கும் ஒரு தேவை இருக்கிறது. ஆனால் உங்கள் ஆய்வில் அதனால் ஒரு வரிகூட மாறாது.

இன்னொரு வகை, ஆய்வு முறைகளைக் கற்றுத்தரும் வகுப்பு. டெல்லியிலுள்ள ஐசிஎஸ்எஸ்ஆர், அதாவது 1969-ல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், சமூக அறிவியல் மாணவர்களுக்காகப் பத்து நாள் வகுப்புகளுக்கு நிதி தருகிறது. மாதிரி எடுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, புள்ளியியல் மென்பொருள் எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். கட்டாயம் போகலாம். ஆனால் அது கருவிகளைக் கையில் கொடுக்கிற இடம். அவற்றை வைத்து எதைச் செய்வது என்று அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

நான் சொல்ல வருவது மூன்றாவது வகை. பத்துப் பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு மூன்று பேராசிரியர்கள், ஒரு மேசை. மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் தன் ஆய்வைப் பற்றி ஐந்தாறு பக்கம் எழுதி இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வர வேண்டும். பேச்சு முழுக்க அந்தப் பக்கங்களைப் பற்றித்தான். மாணவர்களும் ஒரே துறையிலிருந்து வருவதில்லை. நான் போன இடத்தில் வரலாறு, விலங்கியல், தமிழ், வணிகவியல், சமூகப்பணி என்று கலந்து உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் அது எனக்குப் பெரிய அபத்தமாகப் பட்டது. விலங்கியல்காரிக்குக் குளத்து மடையைப் பற்றி என்ன தெரியும்?

அவள் வள்ளவிளை என்ற கடற்கரை ஊர்ப் பக்கத்துப் பெண். என் ஐந்து பக்கத்தையும் அடிக்கோடிட்டு வாசித்திருந்தாள். அவள் முறை வந்ததும், "அண்ணா, வயலு கொறஞ்சது ஊருக்கே தெரியும்லா? கொளத்த நெரத்துனதும் தெரியும். நீங்க இதுல தெரியாத எதக் கண்டுபிடிக்கப் போறிய?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அங்கே எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

இந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஆய்வை நீங்கள் அறிமுகம் செய்வதில்லை. இன்னொரு மாணவர், உங்கள் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு, 'இவர் இதைத்தான் கேட்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்' என்று பத்து நிமிடம் சொல்வார். பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். அரை மணி நேரம் நீங்கள் குறிப்பு மட்டும்தான் எடுக்கலாம், கடைசியில்தான் பேசலாம். கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வலி தெரியும். நம் மனதில் இருப்பதும் தாளில் இருப்பதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அப்போதுதான் முகத்தில் அடித்த மாதிரி விளங்கும். 'அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வு வரைக்கும் உங்கள் ஆய்வேட்டை வாசிக்கப்போகிற வெளித் தேர்வாளர்களிடமும் உங்கள் தாள் மட்டும்தான் போகும், நீங்கள் கூடப் போய் விளக்கம் சொல்ல முடியாது.

சரி, தலைப்பு கேள்வியாக மாறுவது எப்படி? என் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் எனக்கு அடி விழுந்தது.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்தில் இரண்டு நெல் சாகுபடி. வயலுக்குத் தண்ணீர் குளத்திலிருந்து வரும். 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகவும் வர ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த வயல்களில் பெரும்பகுதி வாழையாகவும் தென்னையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. இவ்வளவும் தகவல். இதை முந்நூறு பக்கத்துக்கு விரித்து எழுதினாலும் தகவல்தான். நான் ஒன்றரை வருடமாகக் குளங்களின் பட்டியலைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல் நீண்டது, ஆய்வு நின்ற இடத்திலேயே நின்றது.

இரண்டாம் நாள் ராத்திரி எல்லோரும் ஒரு பக்கம் திருத்தி எழுத வேண்டும் என்றார்கள். நான் எழுதியது இது: 'கால்வாய்த் தண்ணீர் உறுதியாகக் கிடைத்த ஊர்களில் நெல் வயல் வாழைக்கு மாறியது, மழைக் குளத்தை மட்டும் நம்பிய ஊர்களைவிட வேகமாகவா, மெதுவாகவா?'

இதில் என்ன மாறிவிட்டது? முதலாவது, விடை எனக்குத் தெரியாது. தண்ணீர் நிச்சயமாக வருகிற ஊரில் நெல்லை ஏன் விட வேண்டும் என்று நினைத்தால் 'மெதுவாக' என்று தோன்றும். தண்ணீர் இருந்தால்தானே துணிந்து வாழை வைப்பான் என்று நினைத்தால் 'வேகமாக' என்று தோன்றும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைக்கும். விடை ஏற்கெனவே கையில் இருந்தால் அதைக் கேள்வி என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டாவது, எதைத் தேட வேண்டும் என்பது கேள்விக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு வகை ஊர் வேண்டும், ஒவ்வொரு வகையிலும் சில ஊர், சில வருடத்து அடங்கல், அப்புறம் அந்த ஊர்களில் அந்தக் காலத்தில் பயிர் செய்த பெரியவர்கள். மூன்றாவதாக, தேட வேண்டாதது எது என்பதும் தெரிந்துவிட்டது. குளத்துப் பட்டியலில் முக்கால்வாசி குப்பைக்குப் போனது. எனக்கு அது ஒரு சின்ன துக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது 'ஓர் ஆய்வு' என்ற வாலுக்கு வருகிறேன். அதோடு கூடப் பிறந்தது 'கன்னியாகுமரி மாவட்டம் – ஒரு சிறப்புப் பார்வை'. நம் நூலகங்களில் ஆய்வேடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போங்கள், இந்த இரண்டும் எத்தனை தடவை வருகிறது என்று தெரியும். பயிலரங்கில் எல்லோரையும் தடுமாற வைத்த கேள்வி, "ஏன் குமரி மாவட்டம்?" என்பதுதான். உண்மையான பதில், வீடு இங்கே இருக்கிறது, பஸ் செலவு குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஊரூராய்ப் போய்த் தங்கி ஆய்வு செய் என்றால் யாரால் முடியும்? ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடக் கூடாது. இந்த இடத்தில் கேட்டால் மட்டும் துலங்குகிற விஷயம் உங்கள் ஆய்வில் எது என்று யோசிக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் அப்படி எதுவும் இல்லாமல் போனால்தான் ஆச்சரியம்.

1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, அதற்கு முன்னால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். அன்றைக்குக் காலையில் அதே பள்ளிக்கூடம், அதே கால்வாய், அதே நிலம், அரசாங்கம் மட்டும் வேறு. கல்வி, நிலவரி, நிர்வாக மொழி என்று எதை ஆராய்கிறவருக்கும் இது கையில் கொடுத்த சோதனைக்கூடம் மாதிரி. இன்னொன்று, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். உயிரியல், நீரியல் பக்கம் இருப்பவர்களுக்கு அது முக்கியம். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே பறவைகளையும் தண்ணீரையும் ஆராய ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு டிசம்பரில் நாலு பாட்டில் தண்ணீர் எடுத்துவிட்டு 'தேரூர் குளத்து நீரின் தன்மை' என்று எழுதினால், எந்த மழைக்குப் பிறகு எடுத்தது என்ற கேள்வி கட்டாயம் வரும். மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை எழுதுகிறவர் பழத்தின் பெருமையைப் பாடுவதோடு நிறுத்திவிட்டால், குறியீடு வந்ததால் விவசாயிக்கு விலையில் எதுவும் மாறியதா என்ற கேள்வி அநாதையாக நிற்கும்.

கேள்வி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கான சான்று உங்கள் கைக்கு எட்டுமா என்றும் பார்க்க வேண்டும். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எடுத்திருந்த ஒரு மாணவர் எங்களோடு இருந்தார். 1859-ல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது வரைக்கும் அழகாக எழுதியிருந்தார், எல்லாம் பிற்கால நூல்களை வைத்து. ஒரு பேராசிரியர் மூன்று விஷயம் கேட்டார். அரசாங்கத்தின் அந்தக் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, எத்தனை மாதம் போய்த் தங்க முடியும்? மலையாளம் படிக்க வருமா, அச்சு மலையாளம் அல்ல, கையெழுத்து மலையாளம்? லண்டன் மிஷன் சங்கத்தின் மூலக் கடிதங்கள் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றின் நகலுக்கு வழி உண்டா? மாணவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த மேசையிலேயே ஒருவர், மாவட்டத்துப் பழைய தேவாலயங்களில் இருக்கும் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பார்த்தாயா என்று கேட்டார். அது அவர் கேள்வியையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. போராட்டத்தின் முழுக் கதையும் வேண்டாம், போராட்டக் காலத்தில் இரண்டு ஊரில் யார் சபையில் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள் என்பது மட்டும் போதும் என்று ஆனது.

நான் பொதுவாகச் சுருக்கச் சொல்லும் ஆலோசனையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எதைக் கேட்டாலும் 'சின்னதாக்கு' என்று சொல்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஐந்து தாலுகாவுக்குப் பதில் ஒரு தாலுகா என்று எடுத்தால் வேலைதான் குறையும், கேள்வி அதனால் கூர்மையாகிவிடாது. சபைப் பதிவேடு விஷயத்தில் நடந்தது அது அல்ல. அங்கே கேள்வி மாறியது, அதனால் பரப்பு தானாகக் குறைந்தது.

அடுத்து, கேள்வி மாதிரியே தோற்றமளிக்கும் போலிகள். எங்களோடு இருந்த சமூகப்பணி மாணவர் ஒருவர் ஒக்கிப் புயலை எடுத்திருந்தார். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி இந்தக் கரைக்கு என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேள்வி, 'மீனவர்கள் ஏன் புயல் எச்சரிக்கையை மதிப்பதில்லை?' அதை வாசித்ததும் வள்ளவிளைத் தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. "மதிக்கல்லன்னு யாரு சொன்னா? மொதல்ல அவங்களுக்குக் கெடச்சிதான்னு கேட்டியா?" என்றாள். அவள் சொன்னது பாசத்தில் மட்டுமல்ல, முறைப்படியும் சரி. நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரைக்கும் உள்ள அந்த ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் பல நாள், சில நேரம் வாரக்கணக்கில், கரை திரும்பாது. புயல் வலுத்தபோது பல படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. 'ஏன் மதிப்பதில்லை' என்று தொடங்கினால், மதிக்கவில்லை என்ற தீர்ப்பு ஆய்வுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு எத்தனை பேரைப் பேட்டி எடுத்தாலும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சேர்ப்பதுதான் நடக்கும்.

மூன்றாம் நாள் அவர் மாற்றி எழுதியது: 'கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கை எந்த வழியில், எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிறது, சேர்ந்த பிறகு திரும்புவதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?' வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகு சொன்னதா, வீட்டிலிருந்து வந்த அழைப்பா, முடிவு படகோட்டுகிறவருடையதா, கரையில் இருக்கும் முதலாளியுடையதா, டீசல் கணக்கு அதில் எங்கே வருகிறது என்று பத்து நிமிடத்தில் மேசையெல்லாம் கேள்வி. பேராசிரியர்கள் பேசாமல் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். ரசவடைத் தட்டு அவர்கள் பக்கமே நின்றுவிட்டது.

கருதுகோள், அதாவது சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே வைக்கும் ஊகம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஆய்வுக்கும் அது வேண்டும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. எண்களை ஒப்பிட்டுச் சோதிக்கிற ஆய்வுக்கு வேண்டும். ஓர் ஊரில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளப் போகிறவருக்குக் கேள்வி போதும். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் வலிந்து மூன்று கருதுகோளை ஒட்டவைப்பதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஷோத்கங்காவில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இன்ஃபிளிப்நெட் மையம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது, காசு கிடையாது. அதன் தங்கை ஷோத்கங்கோத்ரியில், வேலை நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், இருக்கும். உங்கள் தலைப்பிலேயே ஏற்கெனவே ஒன்று இருந்தால் பதற வேண்டாம். அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் முதலில் வாசியுங்கள். அவர் எங்கே நின்றுவிட்டார் என்று அங்கே தெரிந்துவிடும், நீங்கள் அங்கிருந்து கிளம்பலாம்.

எப்போது போவது? பதிவு செய்த உடனே போனால் எழுதக் கையில் ஒன்றும் இருக்காது. எல்லாத் தகவலும் சேர்த்த பிறகு போனால் மாற்ற மனம் வராது. கோர்ஸ்வொர்க் என்கிற தொடக்கப் பாடங்களை முடித்து, களத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய கள ஆய்வு தொடங்கும் முன் போவதுதான் பொருத்தமான நேரம். அமெரிக்காவில் எஸ்எஸ்ஆர்சி என்ற சமூக அறிவியல் அமைப்பு நடத்திய ஒரு திட்டத்தில் மாணவர்களை இரண்டு தடவை கூட்டினார்கள், கோடை விடுமுறையில் களத்துக்குப் போகும் முன் ஒருமுறை, போய் வந்த பின் ஒருமுறை. அந்த இரண்டாவது கூட்டம் எங்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் களம் நம் அழகான கேள்வியை முதல் வாரத்திலேயே உடைத்துவிடும். நேரமும் நிறைய இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, கோர்ஸ்வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவும், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள சலுகையும் தனி.

கடைசியாக, யாரும் வெளியே பேசாத ஒரு சங்கடம். கேள்வி மாறிவிட்டது என்று கைடிடம் எப்படிச் சொல்வது? 'பயிலரங்கில் சொன்னார்கள்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். 'சார், நீங்க போன மாசம் சொன்னத யோசிச்சுப் பாத்தேன், இப்பிடி எழுதலாமான்னு தோணுது' என்று ஒரு பக்கத்தை நீட்டுங்கள். பொய் மாதிரி இருக்கும், முழுப் பொய்யும் அல்ல. பெரும்பாலான நெறியாளர்கள் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில் மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டால் பின்னால் பிரச்சினை வராது. என் நெறியாளர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இத மொதல்லயே கொண்டு வந்திருக்கப்பிடாதா?" என்றார்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே பதிவறைக்குப் போனேன். அதே ஊழியர், அதே கேள்வி. இந்தத் தடவை ஒரு துண்டுத் தாளை நீட்டினேன். அதில் கால்வாய் ஊர் மூன்று, குளத்து ஊர் மூன்று, எதிரே நான்கு பசலி எண்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுல ரெண்டு கெட்டு கரையான் அரிச்சிருக்கும். பக்கத்துப் பசலி இருந்தா சம்மதமா?" என்று கேட்டுக்கொண்டே சாவியை எடுத்தார்.